கஞ்சியும் பாவும்: சேலம், நாமக்கல் சமவெளியில் மெல்லிய துணி உறுதிபெற்ற வரலாறு

தமிழ்ச் சமண இல்லங்களில் வெள்ளைப் பருத்தித் துணிக்கு உடுத்தலைக் கடந்த பணிகள் பல உண்டு. குடிநீரை வடிகட்ட இருமடியாக மடித்த துணி வேண்டும். ஆலயத்தில் அபிஷேகம் நிறைந்தபின் திருமேனியில் நீர் ஒற்றியெடுக்கத் தூய துணி வேண்டும். ஏட்டுச் சுவடிகளையும் அச்சிட்ட நூல்களையும் பொதிந்து வைக்கச் சதுரத் துணி வேண்டும். சுருத பஞ்சமி நாளில் ஆகம நூல்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து வழிபடும் வழக்கமுடைய நமக்கு, அந்நூல்களைப் பொதியும் துணியும் வழிபாட்டுக்குரிய பொருளே ஆகும்.

சில இல்லங்களில் பெண்கள் இத்துணியில் பூவேலை செய்கின்றனர். தாமரை, சுவஸ்திகம், எட்டு மங்கலங்கள் ஆகியவற்றைத் தனித்தனிச் சதுரங்களில் தைத்து, பின்னர் அச்சதுரங்களை இணைத்து, உட்புறம் மற்றொரு துணி கொடுத்து, நூலுறையாகவும் பீட விரிப்பாகவும் ஆக்குகின்றனர். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த இத்தகைய வேலை இரண்டு வகையில் கெடுவதுண்டு. முதல் நனைப்பிலேயே துணி சுருங்கிப் பூக்கள் கோணிப்போதல் ஒன்று. பெட்டியில் இருந்த சில ஆண்டுகளில் இராமபாணப் பூச்சியால் அரிக்கப்படுதல் மற்றொன்று. இவ்விரண்டும் தைத்தவர் கைக்குற்றத்தால் நேர்வன அல்ல. துணி தறியேறுவதற்கு முன்னும், தறியிலிருந்து இறங்கிய பின்னும் பெறவேண்டிய பக்குவத்தோடு தொடர்புடையவை. அப்பக்குவத்தின் வரலாற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியைப் போலத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதிகள் சிலவே.

மஸ்லினும் அதன் தமிழ்ப் பெயர்களும்

மஸ்லின் என்னும் சொல் இன்றைய இராக்கிலுள்ள மோசூல் நகரின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். வடநாட்டார் இவ்வகைத் துணியை மல்மல் என்றனர். தமிழில் சல்லா என்ற பெயர் மிக மெல்லிய துணிக்கு வழங்கியது. வெளுக்காத, சாயமேற்றாத சாதாரணப் பருத்தித் துணியைக் கொங்கு நாட்டார் காடாத் துணி என்பர். மேலைநாட்டார் ஒட்டுத்துணி விரிப்புகளுக்கு அடித்துணியாகக் கொள்ளும் மஸ்லின் பெரும்பாலும் இக்காடாத் துணியை ஒத்ததே.

பெயர் பிற்காலத்தது எனினும் பொருள் மிகப் பழையது. பொருநராற்றுப்படை, இழை போகும் வழியைக் கண்ணால் அறிய இயலாத நுண்மையுடைய ஆடையைப் பாம்பின் உரியோடு ஒப்பிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு, உறையூரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணிகள் ஏற்றுமதியானதைச் சொல்கிறது. இளங்கோவடிகள் மதுரையின் அறுவை வீதியைக் காட்டும்போது, பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் ஆன துணிகள் நூற்றுக்கணக்கான அடுக்குகளாகக் குவிந்திருந்ததைப் பதிவு செய்கிறார்.

கொங்கு நாடு சமணத்துக்கு அந்நியமான நிலமன்று. பெருங்கதை தந்த கொங்குவேளிர் விசயமங்கலத்தோடு தொடர்புடையவர். நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊரான சனகை, பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பது கொங்கு நாட்டு மரபு. இன்றைய தருமபுரியாகிய தகடூரில், வணிகர் மக்கள் இருவர் சமணப் பள்ளி எடுப்பித்த செய்தியை நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்து, கி.பி. 893-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. 1965 வரை தகடூர்ப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். எனவே பழைய செய்திகளில் சேலம் என்று வருமிடத்தில் நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் ஆகிய ஊர்களையும் சேர்த்தே கொள்ளவேண்டும்.

பவணந்தியார் பாயிரத்தில், நூல் இயற்றும் தொழிலுக்கு நூல் நூற்கும் தொழிலையே உவமையாக்கினார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் மதியே கதிர் என்று அவர் பொருத்திக் காட்டுவார். பஞ்சையும் கதிரையும் அருகிருந்து பார்த்த ஒருவருக்கே இவ்வுவமை இத்துணைச் செம்மையாக வாய்க்கும். நூற்ற இழை அப்படியே ஆடையாகிவிடுவதில்லை. நூற்றலுக்கும் நெய்தலுக்கும் இடையே உள்ள வேலையே இக்கட்டுரையின் பொருள்.

பாவடி என்னும் பொது இடம்

சேலத்தின் பழைய நெசவுப் பகுதிகளான அம்மாபேட்டை, குகை ஆகியவற்றை அறிந்தவர்க்குப் பாவடி என்ற சொல் புதிதன்று. திருச்செங்கோடு, இராசிபுரம் வட்டாரங்களிலும் அச்சொல் உண்டு. தெருவுக்கும் திடலுக்கும் பள்ளிக்கும் அடையாகப் பாவடி என்னும் பெயர் நின்றுவிட்டது. இன்று அது வெறும் இடப்பெயராகத் தோன்றலாம். ஆனால் நெசவாளர் தம் பாவு நூலை நீள விரித்துக் கஞ்சியிட்டுப் பதப்படுத்திய பொது இடம் என்பதே அதன் பொருள். எவர் வீட்டுக்குள்ளும் அடங்காத நீளமுடையது பாவு. ஆகையால் நெசவுக்குடிகள் வாழ்ந்த ஊர்களில் அதற்கெனப் பொது நிலம் வேண்டியிருந்தது.

ஆடையில் நீளவாட்டில் செல்லும் இழை பாவு எனவும், குறுக்கே செல்லும் இழை ஊடை எனவும் பெயர் பெறும். ஊடை நூல் தாரில் சுற்றப்பட்டு நாடாவில் அமர்ந்து ஓடுவதால் அதற்கு உராய்வு குறைவு. பாவு நூலோ தறியில் எப்போதும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் விழுதிடையே மேலும் கீழும் ஏறி இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் அச்சின் பற்களிடையே உராயும். கொங்கு நாட்டின் பழைய பருத்தி வகைகளான உப்பமும் நாடமும் குறுகிய பஞ்சிழை உடையவை. அப்பஞ்சில் நூற்ற நூலில் மயிர்போல் சிலும்பு மிகுதி. சிலும்பிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் பாவு அறும். நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு இவ்விடர் பெரிது. ஆகவே மஸ்லின் போன்ற மெல்லிய துணிக்கு நெசவுத் திறன் எவ்வளவு வேண்டுமோ, பாவைப் பதப்படுத்தும் திறனும் அவ்வளவு வேண்டும்.

அவ்வேலை நடந்த முறை இது. பச்சைப் பருத்தி நூலில் இயற்கையான மெழுகு இருப்பதால் அது நீரை எளிதில் ஏற்காது. எனவே சிட்டங்களை நீரில் ஊறவைத்து, மிதித்தும் அடித்தும் நூல் முழுவதும் நனையச் செய்வர். பின்னர்ப் பாவு ஓட்டி, விடியற்காலையில் பாவடியில் மரக் கவைகளின் மேல் நீள விரிப்பர். இழைகள் ஒன்றிய இடத்தில் ஒட்டிவிடாதபடி இடையிடையே மூங்கில் குச்சிகள் செருகப்படும். அரிசிக் கஞ்சியோ கேழ்வரகுக் கஞ்சியோ வடிகட்டிப் பூசப்படும். நூல் வறண்டு ஒடியாமல் இருக்கத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சிறிது சேரும். வேரால் கட்டிய நீண்ட தூரிகையை இருவர் இருபுறமும் பிடித்து, ஒரே திசையில் மீண்டும் மீண்டும் இழுத்து வருவர். சிலும்புகள் இழையோடு படிந்து, கஞ்சி மெல்லிய தோல்போல் இழையைச் சூழ்ந்து உலரும்.

விடியற்காலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறிய பின் கஞ்சி மிக விரைந்து உலரும். தூரிகை ஓடும் முன்னரே இழைகள் ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் பாவு உலராது, தறியும் ஓடாது. கார்த்திகை அடைமழையில் நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியாமற் போனதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒரு பாவை விரித்துப் பதப்படுத்த ஒரு குடும்பம் போதாது. அண்டை வீட்டாரும் உறவினரும் வந்து கைகொடுக்க, அவர்கள் பாவுக்கு இவர்கள் செல்வர். மெல்லிய துணியின் உறுதியில் ஒரு தெருவின் உழைப்பே கலந்திருந்தது.

இக்கஞ்சியில் சேர்ந்த அனைத்தும் நிலத்தில் விளைந்தவை. அரிசி, கேழ்வரகு, எள், தேங்காய் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட ஒரு குடும்பம் அத்துணியை ஐயமின்றி வாங்கலாம். கூட்டுப்புழுவைக் கொன்று பெறும் பட்டைத் தவிர்த்துப் பருத்தியைக் கொள்வோர்க்குக் கைத்தறிப் பருத்தித் துணி நூலாலும் பதத்தாலும் பொருந்தியதாக இருந்தது.

ஆலைத்துணியில் வந்த கொழுப்பு

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கம்பெனியின் வணிக அதிகாரி சேலத்தில் இருந்துகொண்டு, நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணி கொள்முதல் செய்தார். தமிழ்நாட்டுத் துணி அக்காலத்தில் ஐரோப்பியர் படுக்கையறை வரை சென்றிருந்தது. சோழமண்டலக் கரையில் எழுதுவேலை செய்த துணிகள் பலம்பூர் என்ற பெயரில் கட்டில் விரிப்புகளாயின. துண்டுகளாக வெட்டப்பட்டு அவர்களுடைய ஒட்டுத்துணி விரிப்புகளிலும் இடம்பெற்றன. அத்துணிகளும் வண்ணமேற்றும் முன் பக்குவம் செய்யப்பட்டவையே. கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்தினால், எழுதும் வண்ணக்காரம் துணியில் பரவாமல் கோட்டுக்குள் நிற்கும். மேலைநாட்டு நெசவாளரின் எதிர்ப்பால் பிரான்சு 1686-இலும் இங்கிலாந்து 1700, 1721 ஆம் ஆண்டுகளிலும் இவ்வகைத் துணிகளுக்குத் தடை விதித்தன.

19-ஆம் நூற்றாண்டில் ஓட்டம் திரும்பியது. லங்காசயர் ஆலைத்துணி தமிழகச் சந்தைகளை நிறைத்தது. நம் குடும்பங்கள் பல வாழும் ஆரணி, அக்காலத்தில் மஸ்லினுக்குப் பெயர் பெற்றிருந்தது. அத்தகைய ஊர்களின் மெல்லிய துணிக்கும் ஆலைத்துணி போட்டியானது. விலை குறைவு என்பதை எல்லாரும் கண்டனர். உள்ளே என்ன இருந்தது என்பதை மிகச் சிலரே கேட்டனர். விசைத்தறியின் வேகத்துக்கு ஏற்பப் பாவுக்கு இடும் பசையும் மாறியிருந்தது. மாவுடன் விலங்குக் கொழுப்பும் சேர்க்கப்பட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து அற்றபோது, எடைக்காக வெண்களிமண்ணும் பெருமளவில் ஏற்றப்பட்டது. துணியைத் துவைத்தால் எடையில் ஒரு பகுதி நீரோடு போயிற்று. அத்தகைய துணி கப்பலில் வரும்போதே பூசணம் பிடிப்பதைத் தடுக்கத் துத்தநாகக் குளோரைடு போன்ற மருந்துகளும் கலந்தனர். பின்னர் இந்தியாவில் எழுந்த ஆலைகளிலும் ஆட்டுக் கொழுப்புப் பாவுப்பசையில் மென்மையூட்டியாக நெடுங்காலம் இடம்பெற்றது.

இச்செய்தி சமணர்க்கு அற்பமானதன்று. இரவுணவைத் தவிர்த்து, நீரை வடிகட்டிப் பருகி, கிழங்கையும் விலக்கி வாழ்ந்த ஒரு குடும்பம், ஆலயத்துக்கு அளித்த புதுத்துணியில் கொழுப்பு இருந்திருக்கலாம் என்பதை அறியாமலே இருந்தது. உணவில் காட்டிய விழிப்பை உடையில் காட்ட வழியில்லாமற் போனது அவர்கள் குற்றமன்று. துணி செய்தவரைத் தெரிந்திருந்த காலம் போய், துணி விற்பவரை மட்டுமே தெரிந்திருக்கும் காலம் வந்துவிட்டது. புதுத்துணியை நனைத்து அலசிய பின்னரே வழிபாட்டுக்குக் கொள்ளவேண்டும் என்ற வீட்டு வழக்கம் இந்நிலையில் ஒரு காப்பாகவே அமைந்தது.

சேலம் கண்ட மூன்று முயற்சிகள்

கைத்தறியை மீட்க எடுத்த முயற்சிகளில் சேலத்துக்கு முதன்மையான இடமுண்டு. சென்னை மாகாண அரசு, ஆல்பிரட் சாட்டர்டன் மேற்பார்வையில் 1906-ஆம் ஆண்டளவில் சேலத்தில் ஒரு நெசவுச் சாலையைத் தொடங்கியது. கையால் நாடாவை எறியும் பழைய தறிக்கு மாற்றாக, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசைநாடாத் தறியை அங்கே சோதித்தனர். நாடா விரைந்து ஓடினால் பாவின் மேல் விழும் தாக்குதலும் மிகும். பாவு பக்குவமாக இல்லையேல் விசைநாடாவால் பயன் இல்லை. வீட்டில் தம் விருப்பப்படி உழைத்துப் பழகிய நெசவாளர்க்குச் சாலையின் மணிக்கணக்கும் ஒத்துவரவில்லை. அரசே தொழில் நடத்துவதை இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910-இல் ஏற்க மறுத்தார், அச்சாலையும் நின்றது. விசைநாடா மட்டும் வீட்டுத் தறிகளில் மெல்ல மெல்லக் குடிபுகுந்தது.

இரண்டாவது முயற்சி 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த அவர், நகர வாழ்வை விட்டு அச்சிற்றூரில் குடியேறி, கதர்ப் பணியையும் மதுவிலக்குப் பணியையும் நடத்தினார். பஞ்சத்தால் வாடிய ஊர்களில் பெண்கள் இராட்டையில் நூற்றுக் கூலி பெற்றனர். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். முறுக்கும் சீராக இராது. ஆலை நூல் தாங்கும் இழுப்பை அது தாங்காது. எனவே கதர் நெசவில் கஞ்சியின் பணி இருமடங்கானது. கதர் உடுத்துவோர் அதன் முரட்டுத்தன்மையைக் குறைகூறியதுண்டு. அம்முரட்டு நூலைத் தறி தாங்கும் நூலாக்கியது, பாவில் கஞ்சியிட்டுத் தூரிகை இழுத்தவரின் பொறுமை.

மூன்றாவது முயற்சி எவரும் நெசவுக்கெனத் திட்டமிட்டதன்று. போர்த்துக்கேயர் வழி இந்தியா வந்த மரவள்ளிக் கிழங்கு, விசாகம் திருநாள் மகாராசா காலத்தில் திருவிதாங்கூரில் பஞ்சகால உணவாகப் பரவியது. இரண்டாம் உலகப்போரில் மலேயாவும் சாவகமும் சப்பானியர் கைக்குச் சென்றபின் அங்கிருந்து வந்த ஜவ்வரிசியும் மரவள்ளி மாவும் நின்றன. அப்போது சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து அத்தொழில் நுட்பம் அறிந்திருந்த போபட்லால் ஷாவும் இணைந்து, 1943-இல் சேலத்தில் எளிய கருவிகளைக் கொண்டு மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் செய்யத் தொடங்கினர். இன்று ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் செல்வோர் மாவு உலரும் வெண்களங்களைக் காணாமல் இருக்க முடியாது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் அமைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இம்மாவின் பெரும்பயன் உணவே எனினும், நெசவுக்கும் அது உற்ற துணையானது. மரவள்ளிக் கஞ்சி தெளிவானது. உலர்ந்தால் வளையக்கூடிய மெல்லிய படலமாகும். வெள்ளைத் துணியின் நிறத்தைக் கெடுக்காது. தறியும் கஞ்சியும் ஒரே சமவெளியில் கிடைக்கும் பேறு இவ்வாறு சேலத்துக்கு வாய்த்தது. 1960-இல் கைத்தறித் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும் இந்நகரில் அமைந்தது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் விசைத்தறிகள் பெருகியபின், பாவுக்குப் பசையிடும் வேலை பாவடியை விட்டுச் சைசிங் ஆலைகளுக்குள் சென்றது. அங்கே மாவுடன் செயற்கைப் பசைகளும் சேர்கின்றன. பாவடிகள் திடல்களாயின.

பூவேலைக்குத் துணியைப் பதப்படுத்தும் முறை

இவ்வரலாறு இன்று பூவேலைக்கு அமரும் பெண்ணுக்குச் சொல்வது யாது? கடையில் வாங்கும் காடாத் துணியும் மல்மலும் பிறர் இட்ட கஞ்சியோடு வருகின்றன. அதில் கலந்தது எது என்று நமக்குத் தெரியாது. மேலும், தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்த இழைகள் முதல் முறை நீரில் நனையும்போது தளர்ந்து தம் இயல்பான நீளத்துக்குத் திரும்பும். நூறு சென்டிமீட்டர் துணி மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்குவது வழக்கம். பூவேலை முடிந்தபின் இச்சுருக்கம் நேர்ந்தால், தையல் நூல் அவ்வளவு சுருங்காததால் துணி முடிச்சு முடிச்சாக எழும்பிவிடும்.

ஆகவே முதற்பணி, பிறர் இட்ட பசையை நீக்குதல். துணியைக் கொதிநீர் ஆறிய வெந்நீரில் சிறிது சவர்க்காரத்தோடு அலசி, இருமுறை தூய நீரில் பிழியவேண்டும். சவர்க்காரமும் தாவர எண்ணெயில் செய்ததாக இருத்தல் நலம். இரவு முழுதும் ஊறவைத்துப் பசையைப் புளிக்கச் செய்து நீக்கும் முறையும் உண்டு. புளித்த நீரில் உயிர்கள் பெருகும் என்பதால் நமக்கு வெந்நீர் முறையே ஏற்றது. பசை முற்றும் நீங்கியதா என அறிய எளிய சோதனை உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் டிஞ்சரில் ஒரு துளியை நீரில் கலந்து துணியின் ஓரத்தில் இட்டால், மாவுப்பசை இருக்குமிடம் நீலமாகும். நீலம் தோன்றினால் இன்னொரு முறை அலசவேண்டும். குடிநீர் வடிகட்டப் புதுத்துணியைப் பயன்படுத்துவோரும் இவ்வாறே கஞ்சியை முழுதும் நீக்கிய பின்னர்ப் பயன்படுத்தவேண்டும். மல்மலின் கண்கள் பெரியவை ஆதலால், அத்தகைய துணி வடிகட்டுதற்கு ஆகாது. நெருங்கிய நெசவுள்ள துணியையே இருமடியாக்கிக் கொள்ளவேண்டும்.

இரண்டாம் பணி, இழை நேர்பார்த்து வெட்டுதல். கத்தரிக்கோலை நம்பாமல், ஓர் இழையை உருவி, அது விட்ட கோட்டின் வழியே வெட்டினால் சதுரம் கோணாது. முடிந்த அளவைவிட ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து சென்டிமீட்டர் மிகுதியாக விடவேண்டும். பூவேலை துணியை உள்ளிழுக்கும். சட்டத்தில் பூட்டவும் இடம் வேண்டும். ஓரம் பிரியாமலிருக்கச் சுற்றித் தைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாம் பணி, நாமே கஞ்சியிடுதல். அலசிய துணி தொய்வுடையது. ஊசி பட்ட இடத்தில் இழை விலகும். ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 20 கிராம் மரவள்ளி மாவை முதலில் குளிர்ந்த நீரில் கரைத்து, பின் கிளறிக்கொண்டே காய்ச்சினால், வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளியும். அப்போது இறக்கி வடிகட்டி ஆறவைக்கவேண்டும். கிழங்கு விலக்கியவர்கள் அதே அளவில் அரிசி மாவைக் கொள்ளலாம். பாவடியில் முன்னோர் கண்டதும் அரிசிக் கஞ்சியே. அன்றன்று காய்ச்சியதையே பயன்படுத்தி, மிஞ்சியதை வைத்துக்கொள்ளாதிருத்தல் நம் ஒழுக்கத்துக்கு இயைந்தது. துணியைத் தோய்த்துப் பிழிந்து, இழைகள் நேராக நிற்குமாறு சமதளத்தில் நிழலில் விரித்து, சிறிது ஈரம் இருக்கும்போதே இழையின் போக்கில் தேய்க்கவேண்டும். மூலைக்கு மூலை இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

நான்காம் பணி, அடித்துணி கொடுத்தல். மேல் துணி மிக மெல்லியதாயின், அதே முறையில் அலசி உலர்த்திய மற்றொரு மல்மல் துணியைக் கீழே வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெருந்தையலால் நூலோட்டிக்கொள்ளவேண்டும். இரண்டும் ஒரே வகைப் பருத்தியாக இருந்தால் பிற்காலத்தில் இரண்டும் ஒருசேரத் தளரும். சூடிட்டு ஒட்டும் செயற்கை அடித்தாள் வேலையை விரைவாக்கும்; ஆனால் அதன் பசை துணியை விட்டு முழுதும் நீங்காது. தைப்போர் சிலர் பரிந்துரைக்கும் ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படுவது. தச்சர் பயன்படுத்திய பழைய வச்சிரப் பசையும் அத்தகையதே. இவை இரண்டும் நம் ஆலயத் துணிக்கு ஒருபோதும் ஆகா. வண்ண நூல்களையும் வெள்ளைத் துணித்துண்டோடு சேர்த்து நனைத்துப் பார்த்துச் சாயம் விடாதவற்றை மட்டுமே கொள்ளவேண்டும்.

இட்டதை எடுத்தல்

இறுதிப் பணி பலரும் விட்டுவிடும் ஒன்று. பூவேலை முடிந்தவுடன் சதுரத்தை நீரில் அமிழ்த்தி, நாம் இட்ட கஞ்சியை நாமே நீக்கிவிடவேண்டும். கஞ்சி மாவுப்பொருள் ஆதலின் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் உணவாகும். கஞ்சியோடு மடித்துப் பெட்டியில் வைத்த துணி, மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடிக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் கஞ்சி ஒடிய, அதனோடு இழையும் ஒடியும். அருங்காட்சியகங்களில் பழந்துணி காப்போர், கஞ்சியிட்ட துணியை அப்படியே சேமித்து வைப்பதில்லை. நமக்கோ மேலும் ஒரு காரணம் உண்டு. பூச்சிக்கு உணவை நாமே வைத்து, அது வந்தபின் மருந்திட்டுக் கொல்வது அகிம்சை நெறியில் இரட்டைக் குற்றமாகும். உணவு இல்லாத பெட்டியை அவ்வுயிர்கள் நாடா. கஞ்சி நீங்கிய துணியை நன்கு உலர்த்தி, மடிக்காமல் ஓர் உருளையில் சுற்றி, வேறொரு பழந்துணியால் பொதிந்து வைத்தால் நெடுநாள் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, சுருத பஞ்சமிக்கு நூல்களை வெளியே எடுக்கும்போது அத்துணியையும் எடுத்துக் காற்றாட விடலாம்.

பாவடியில் நெசவாளர் இட்ட கஞ்சியும் இத்தகையதே. தறியின் இழுப்பையும் உராய்வையும் தாங்கும் வரையில் அது இழைக்குத் துணைநின்றது. ஆடை உடுப்பவர் கைக்கு வந்தபின் முதல் அலசலில் நீங்கிப்போயிற்று. ஆடையில் எஞ்சியது நூலும் நெய்தவர் உழைப்பும் மட்டுமே.

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களில் நூல் தானம் நமக்குச் சிறப்பாக வாய்த்தது. ஏடுகளைப் படியெடுத்துக் கொடுத்த முன்னோர் அவற்றைப் பொதியத் துணியும் சேர்த்தே கொடுத்தனர். இன்று நம் இல்லத்துப் பெண்கள் தைத்துக் கொடுக்கும் பூவேலைத் துணி அவ்வழக்கத்தின் தொடர்ச்சி. அத்துணியை வாங்கும்போது அதில் கலந்தது எது என்று கேட்போம்; நாம் இடுவது இந்த மண்ணில் விளைந்த மாவாக மட்டும் இருக்கட்டும்; ஆலயத்தில் ஒப்படைக்கும் முன் அதையும் அலசி எடுத்துவிடுவோம். அவ்வாறு அளித்த துணியைப் பேரர் காலத்திலும் எடுத்து விரிக்கலாம்.